பருந்துக்கு விருந்து வைப்பது யார்?



2023-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் தேதி, கோவை விமான நிலையத்திலிருந்து ஷார்ஜாவுக்கு ஓர் ஏர் அரேபியா விமானம் புறப்பட்டது. உள்ளே 164 பயணிகள். விமானம் ஓடுபாதையில் வேகம் எடுத்தபோது, இரண்டு கழுகுகள் இடதுபக்க என்ஜினில் மோதின. பைலட் விமானத்தை மேலே எழுப்பவில்லை, ஓடுபாதையிலேயே நிறுத்திவிட்டார். பயணிகள் பத்திரமாக இறங்கினார்கள். யாருக்கும் காயம் இல்லை.

மறுநாள் பத்திரிகைகளில் இது சிறிய செய்தி. படித்துவிட்டுப் பலரும் மறந்திருப்பார்கள். ஆனால் திருப்பூர், அவிநாசி, பல்லடம், சூலூர் பக்கத்துப் பிள்ளைகளான உங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. திருப்பூரில் விமான நிலையம் கிடையாது. பனியன் கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பையர்கள் கோவையில் இறங்கித்தான் அவிநாசி சாலையில் வருகிறார்கள். துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் வேலைக்குப் போகும் நம் ஊர் அண்ணன்மார்களும் மாமாக்களும் ஏறுவது பெரும்பாலும் அங்கேதான். அந்த 164 பேரில் உங்கள் தெருக்காரர் ஒருவர் இருந்திருக்கலாம்.

ஒரு பறவையால் இவ்வளவு பெரிய விமானத்தை நிறுத்த முடியுமா? அந்தப் பறவை அங்கே ஏன் வந்தது? யார் அதைத் தடுப்பது? இந்த மூன்று கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பதினாறு பந்துகள்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 160 கிராம். வேகப்பந்து வீச்சாளர் அதை மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வீசுகிறார். அது மட்டையில்லாத கையில் பட்டால் எலும்பு உடையும். ஒரு பருந்தின் எடையை 800 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது பந்தைப்போல் 5 மடங்கு. மேலெழும்பும் விமானத்தின் வேகம் மணிக்கு 250 கி.மீ. என்று கொள்வோம். அது பந்தின் வேகத்தைப்போல் சுமார் 1.8 மடங்கு.

ஒரு பொருள் மோதும் ஆற்றலைக் கணக்கிட எடையை ஒரு முறை பெருக்கினால் போதும். வேகத்தை மட்டும் இரண்டு முறை பெருக்க வேண்டும். 1.8 × 1.8 என்றால் சுமார் 3.2. அதை 5-ஆல் பெருக்கினால் 16. அதாவது, 16 வேகப்பந்துகள் ஒரே நொடியில், ஒரே இடத்தில் வந்து மோதுவதற்குச் சமம்! பறவை மெல்லப் பறந்தாலும் மோதலின் வேகம் குறையாது. அந்த வேகத்தைத் தருவது விமானம்தான்.

விமானத்தின் உடல் இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆபத்தான இடம் என்ஜின். அதன் முன்பக்கம் பெரிய மின்விசிறியைப்போலத் தகடுகள் மிக வேகமாகச் சுழல்கின்றன. அவைதான் காற்றை உள்ளே இழுக்கின்றன. காற்றோடு பறவையும் உள்ளே போனால் தகடு வளையலாம், உடையலாம். உடைந்த துண்டு அடுத்த தகட்டையும் உடைக்கலாம்.

என்ஜின் தயாரிக்கும் நிறுவனங்கள் இதை அறியாதவர்கள் அல்ல. புதிய என்ஜினைப் பயன்பாட்டுக்கு விடுவதற்கு முன், அதை ஓடவிட்டு, இறந்த பறவைகளைப் பீரங்கிபோன்ற கருவியால் உள்ளே வீசிச் சோதிக்கிறார்கள். சிறிய பறவைகள் புகுந்தால் என்ஜின் தொடர்ந்து ஓட வேண்டும். மிகப் பெரிய பறவை புகுந்தால் அது நின்றுவிடலாம். ஆனால் வெடித்துச் சிதறி விமானத்தைச் சேதப்படுத்தக் கூடாது. இதுதான் விதி. பயணிகள் விமானங்கள் ஓர் என்ஜின் நின்றாலும் மற்றொன்றின் உதவியால் பறந்து வந்து இறங்கும்படி அமைக்கப்பட்டவை. ஆகவே, விமானத்தில் ஏறவே பயப்பட வேண்டியதில்லை. பறவை மோதல்களில் பெரும்பாலானவை சிறிய சேதத்தோடு முடிந்துவிடுகின்றன.

எல்லாம் நல்லபடி முடிவதில்லை

பறவை மோதல் விமானத்தின் வயதே உள்ள பிரச்சினை. விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களில் ஒருவரான ஆர்வில் ரைட், 1905-ஆம் ஆண்டே சோளக்காட்டுக்கு மேலே பறக்கும்போது ஒரு பறவைமீது மோதியிருக்கிறார். பதிவாகியுள்ள முதல் மோதல் அதுதான்.

2009 ஜனவரி 15 அன்று அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஒரு விமானம் மேலெழும்பிய சில நிமிடங்களில், கனடா வாத்துக் கூட்டத்தில் புகுந்தது. இரண்டு என்ஜின்களுமே செயலிழந்தன. கேப்டன் சல்லன்பெர்கர் விமானத்தை ஹட்சன் ஆற்றின்மேல் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள்.

நம் நாட்டில் 2022 ஜூன் 19 அன்று பாட்னாவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் பறவை மோதி, என்ஜினில் தீப்பொறி பறந்தது. கேப்டன் மோனிகா கன்னா அந்த என்ஜினை நிறுத்திவிட்டு, விமானத்தைத் திருப்பிக்கொண்டுவந்து பாட்னாவிலேயே பத்திரமாக இறக்கினார். அதில் 185 பயணிகள் இருந்தார்கள்.

2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் நடந்தது துயரமானது. தரையிறங்க வந்த விமானத்தின் இரு என்ஜின்களிலும் பைக்கால் வாத்துகள் சிக்கியிருந்தன. சக்கரங்கள் வெளிவராமலே விமானம் வயிற்றால் தரையில் இறங்கி, ஓடுபாதையைத் தாண்டி அங்கிருந்த கான்கிரீட் மேட்டில் மோதியது. 181 பேரில் 179 பேர் இறந்துபோனார்கள். அங்கே பறவை மட்டும் காரணம் அல்ல. ஓடுபாதையின் முடிவில் அப்படியொரு கான்கிரீட் மேடு இருந்தது ஏன் என்ற கேள்வியும் எழுந்தது.

அதேபோல், எந்த விபத்து நடந்தாலும் பறவைமேல் பழி போட்டுவிடக் கூடாது. 2025 ஜூன் 12 அன்று ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தபோது, "பறவை மோதியிருக்கும்" என்று பலர் உடனே சொன்னார்கள். அடுத்த மாதம் வந்த முதற்கட்ட விசாரணை அறிக்கையோ, விமானம் சென்ற வழியில் குறிப்பிடும்படியான பறவை நடமாட்டம் எதுவும் காணப்படவில்லை என்றது. விசாரித்த பிறகே தீர்ப்பு. இது நீதிமன்றத்துக்கு மட்டுமல்ல, நமக்கும் பொருந்தும்.

பறவை ஏன் வருகிறது?

இப்போது இரண்டாவது கேள்வி. பறவைக்கு விமானத்தோடு பகை ஒன்றும் இல்லை. அது வருவது மூன்று காரணங்களுக்காக: உணவு, தண்ணீர், தங்குமிடம். பசியோடு இருக்கும் நாம் சாப்பாட்டு வாசனை வரும் பக்கம் திரும்புவதில்லையா? அதுபோலத்தான்.

விமான நிலையம் என்பது பரந்த புல்வெளி. புல்லில் வெட்டுக்கிளியும் புழுவும் உண்டு. அவற்றைத் தின்ன ஆட்காட்டியும் உண்ணிக்கொக்கும் வரும். மழை பெய்து பள்ளத்தில் தண்ணீர் நின்றால் கொக்கும் நாரையும் வரும். எலி இருந்தால் இரவில் ஆந்தையும், பகலில் பருந்தும் வரும். கட்டட இடுக்குகளில் புறா கூடு கட்டும். கொங்கு நாட்டில் மயில்கள் பெருகியிருப்பதை நீங்களே பார்க்கிறீர்கள். வேலியைத் தாண்ட அவற்றுக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

சரி, கண் இருக்கிறதே, பறவை விலகிப் போகக்கூடாதா என்று கேட்பீர்கள். பறவைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பழகியது வல்லூறு, பூனை, நரி போன்ற எதிரிகளின் வேகத்துக்குத்தான். மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் வரும் விமானம் அவற்றுக்குப் பழக்கமானது அல்ல. விலக நினைப்பதற்குள் விமானம் வந்துவிடுகிறது.

பறவைகள் மட்டுமல்ல. 2014 நவம்பரில் குஜராத்தின் சூரத் விமான நிலையத்தில், புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்தின்மீது ஓர் எருமை மோதியது! 2015 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் தரையிறங்கிய விமானம் காட்டுப்பன்றிகள்மீது மோதி, ஓடுபாதையை விட்டு விலகியது. சுற்றுச்சுவரில் ஓர் ஓட்டை இருந்தால்கூட இந்த நிலைதான்.

வேலிக்கு உள்ளே நடக்கும் வேலை

விமான நிலையங்களில் பறவைகளை விரட்டுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். விடியற்காலையிலிருந்து ஓடுபாதை ஓரம் ரோந்து வருவார்கள். பட்டாசு வெடிப்பார்கள். எரிவாயுவால் "டமார்" என்று சத்தமிடும் துப்பாக்கிகள் வைத்திருப்பார்கள். ஆபத்து வந்தால் பறவை எழுப்பும் குரலைப் பதிவு செய்து, ஒலிபெருக்கியில் போடுவார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பறவைகளுக்கும் அறிவு உண்டு. வயலில் வைத்த சோளக்கொல்லைப் பொம்மையின் தலைமேலேயே காக்கை உட்காருவதைப் பார்த்ததில்லையா? அதுபோல, "இந்தச் சத்தத்தால் ஒன்றும் ஆகாது" என்று சில நாட்களில் தெரிந்துகொள்ளும். ஆகவே, சத்தத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதைவிடச் சிறந்த வழி, வரவேண்டிய காரணத்தையே நீக்குவது. புல்லை ஒட்ட வெட்டினால் பூச்சிகள் பளிச்சென்று தெரியும், கொக்குகள் வரும். ஓங்கி வளரவிட்டால் எலிகளும் கூடுகளும் பெருகும். அதனால் நடுத்தர உயரத்தில் பராமரிக்கிறார்கள். பள்ளங்களை நிரப்புகிறார்கள். சாக்கடைகளை மூடுகிறார்கள். கட்டட இடுக்குகளில் வலை கட்டுகிறார்கள்.

நெதர்லாந்து நாட்டில் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது. அங்கே இரண்டு ஓடுபாதைகளுக்கு நடுவே சர்க்கரைக்கிழங்குத் தோட்டம் இருக்கிறது. அறுவடைக்குப் பின் மிஞ்சும் கிழங்கைத் தின்ன வாத்துகள் கூட்டமாக வந்தன. 2021-இல் அந்த நிலத்தில் 20 பன்றிகளை மேயவிட்டார்கள். மிச்சத்தைப் பன்றிகள் தின்று தீர்த்துவிட்டால் வாத்துகளுக்கு அங்கே என்ன வேலை? வாத்தை அடிக்காமல், வாத்தின் சாப்பாட்டை எடுத்துவிடும் யோசனை அது.

இந்த உதாரணத்தை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

வேலிக்கு வெளியே இருக்கும் வட்டம்

பருந்து உயரத்தில் வட்டமிட்டபடி பல கி.மீ. தூரம் இரை தேடும். அதற்குச் சுற்றுச்சுவர் ஒரு பொருட்டே அல்ல. விமான நிலையத்துக்குள் ஒரு பருக்கைகூட இல்லாமல் துடைத்து வைத்தாலும், சுவருக்கு அந்தப் பக்கம் கோழிக்கழிவு கொட்டிக்கிடந்தால் பருந்துகள் அங்கே வட்டமிடும். அந்த வட்டத்தின் குறுக்கேதான் விமானம் இறங்க வேண்டும்.

இதற்காகவே நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 1937-ஆம் ஆண்டின் விமான விதிகளில் 91-ஆவது விதி, விமான நிலையத்தைச் சுற்றி 10 கி.மீ. தொலைவுக்குள் பறவைகளையும் விலங்குகளையும் ஈர்க்கும்படி குப்பையையோ கழிவையோ கொட்டக்கூடாது என்கிறது. உரிய ஏற்பாடு இல்லாமல் திறந்தவெளியில் விலங்குகளை வெட்டித் தோலுரிப்பதற்கும் தடை. மாவட்ட நிர்வாகம், உள்ளாட்சி, விமான நிலைய அதிகாரிகள் சேர்ந்த சுற்றுச்சூழல் குழுக்களும் கூடிப் பேசுகின்றன.

10 கி.மீ. என்பது எவ்வளவு தெரியுமா? கோவை விமான நிலையத்தை மையமாக வைத்து வட்டம் போட்டால் ஏராளமான தெருக்கள், கறிக்கடைகள், ஓட்டல்கள், குளங்கள் அதற்குள் வந்துவிடும். அதோடு சூலூரில் விமானப்படைத் தளமும் இருக்கிறது. அதைச் சுற்றி வட்டம் போட்டால், அது திருப்பூர் மாவட்ட எல்லையைத் தாண்டி கரணம்பேட்டை வரை வரும். சூலூரில் இருப்பவை நம் நாட்டிலேயே தயாரான தேஜஸ் போர் விமானங்கள். தேஜஸுக்கு ஒரே ஓர் என்ஜின்தான்! பயணிகள் விமானத்தைப்போல, "இன்னொன்று இருக்கிறது" என்று அங்கே சொல்ல முடியாது.

இனி நம் ஊரைப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கே கறிக்கோழி விலை பல்லடத்தில் நிர்ணயமாகிறது. அந்த அளவுக்குக் கோழிப்பண்ணைகள் நிறைந்த வட்டாரம் இது. கோழிக்கடையில் சேரும் தோல், குடல், இறகு எங்கே போகிறது? முறையாக எடுத்துச் செல்லும் வண்டியில் போனால் நல்லது. இரவில் மூட்டை கட்டிச் சாலை ஓரத்திலும் குளக்கரையிலும் வீசினால், காலையில் நாய்களும் பருந்துகளும் கூடிவிடும். திருப்பூரில் பல ஆண்டுகளாகக் குப்பை, கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் கொட்டப்பட்டு வந்தது. 2025-இல் முதலிபாளையம், இடுவாய் பகுதி மக்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள். நாற்றம், ஈ, கெட்டுப்போகும் நிலத்தடி நீர் ஆகியவை அவர்கள் கவலை.

அந்தப் பாறைக்குழிகள் விமானப் பாதையில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் குப்பையைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்ற பழக்கம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அந்தப் பழக்கம் ஓடுபாதைக்கு அருகே இருந்தால் விமானத்துக்கு ஆபத்து. வேறு இடத்தில் இருந்தால் கிணற்றுக்கு ஆபத்து.

யார் குற்றம்?

"கறிக்கடைக்காரர்தான் குற்றவாளி, பிடித்து அபராதம் போடுங்கள்" என்று சொல்வது சுலபம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் கடையில் கூடை கூடையாகக் கழிவு நிற்கிறது. தினமும் வந்து எடுத்துச்செல்லும் வண்டி இல்லை என்றால் அவர் என்ன செய்வார்? கடைக்காரருக்குக் கடமை உண்டு. அதை எடுத்துப் பதப்படுத்த ஏற்பாடு செய்யும் கடமை உள்ளாட்சிக்கு உண்டு. கழிவை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் கடமை வீட்டுக்கு உண்டு. இந்த மூன்றில் ஒன்று அறுந்தாலும் சங்கிலி அறுந்துபோகும். சட்டப் புத்தகத்தில் விதி இருந்தால் மட்டும் பருந்து வராமல் இருக்காது. அதற்கு எழுதப் படிக்கத் தெரியாதே!

இன்னொரு பக்கம், "பறவைகளை எல்லாம் சுட்டுவிட்டால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. அது சரியான வழி அல்ல. மயில் நம் தேசியப் பறவை. சட்டம் அதைப் பாதுகாக்கிறது. பருந்து இறந்த எலியையும் அழுகிய கழிவையும் தின்று ஊரைத் துப்புரவு செய்கிறது. ஒரு பருந்தைக் கொன்றாலும், கழிவு கிடக்கும் வரை அடுத்த பருந்து வந்துகொண்டுதான் இருக்கும்.

பறவைக்கும் ஓர் இடம் வேண்டும். அது நம் ஊரிலேயே இருக்கிறது. திருப்பூர் ஊத்துக்குளி சாலைப் பக்கம் உள்ள நஞ்சராயன் குளம் 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. சுமார் 126 ஹெக்டேர் பரப்பு. இமயமலையைத் தாண்டிப் பறக்கும் பட்டைத்தலை வாத்துகூட இங்கே விருந்தாளியாக வந்திருக்கிறது. இது கோவை விமான நிலையத்தின் 10 கி.மீ. வட்டத்துக்கு வெகு தூரம் வெளியே உள்ளது. பறவைக்கு நல்ல குளமும், விமானத்துக்குச் சுத்தமான சுற்றுப்புறமும் கொடுத்தால் இரண்டும் மோதாமல் வாழலாம். குளத்தைக் கெடுத்துவிட்டு, குப்பைமேட்டை வளர்த்தால் பறவை எங்கே போகும்?

நீங்கள் செய்யக்கூடியவை

1. ஒரு கோவை மாவட்ட வரைபடம் வாங்குங்கள். அதன் அளவுகோலைப் பார்த்து, 10 கி.மீ. ஆரத்துக்குக் கவராயத்தை விரித்து, கோவை விமான நிலையத்தையும் சூலூரையும் மையமாக வைத்து இரண்டு வட்டங்கள் போடுங்கள். உங்கள் வீடு, உங்கள் பள்ளி, உங்கள் அத்தை வீடு, மாமா வீடு எவையெல்லாம் உள்ளே வருகின்றன என்று பாருங்கள்.

2. வீட்டில் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாகப் போடுங்கள். கறி, மீன் கழிவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எறியாமல், குப்பை வண்டியில் சேர்க்கச் சொல்லுங்கள்.

3. மதிய உணவில் மிஞ்சியதைப் பள்ளி மதிலுக்கு வெளியே கொட்டாதீர்கள். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஓர் உரக்குழி தோண்ட ஆசிரியரிடம் கேளுங்கள். பள்ளித் தோட்டத்துக்கு உரமும் கிடைக்கும்.

4. உங்கள் ஊரில் குப்பை கொட்டும் இடத்தை ஒரு வாரம் தூரத்திலிருந்து கவனியுங்கள். எத்தனை பருந்து, எத்தனை காக்கை, எந்த நேரத்தில்? தேதி போட்டு எழுதுங்கள். குப்பை எடுத்த நாளில் எண்ணிக்கை குறைகிறதா? ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதிலும் பெரியவர்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

5. அந்தக் கணக்கை அழகான கையெழுத்தில் எழுதி, வகுப்பு மாணவர் எல்லோரும் கையெழுத்திட்டு, உங்கள் ஊராட்சித் தலைவருக்கோ வார்டு கவுன்சிலருக்கோ அனுப்புங்கள். "குப்பையை எடுங்கள்" என்று சும்மா எழுதுவதைவிட, "திங்கட்கிழமை 42 பருந்துகள், குப்பை எடுத்த புதன்கிழமை 6 பருந்துகள்" என்பதுபோல நீங்கள் எண்ணிய எண்களை எழுதினால் பெரியவர்களால் தட்டிக்கழிக்க முடியாது.

பட்டாசு வெடித்துப் பருந்தை விரட்டுவது விமான நிலைய ஊழியரின் வேலை. பருந்துக்கு விருந்து வைக்காமல் இருப்பது நம் வேலை. நம் வேலையை நாம் செய்தால் அவர் வேலை பாதியாகக் குறையும்.